உடலுக்கு விலை கேட்ட வக்கீல்

மெல்வின் பெல்லி என்ற பெயரை நான் முதன்முதலில் ஒரு வசவோடு சேர்த்துத்தான் கேட்டேன். சட்ட வகுப்பில் போபால் விஷவாயு வழக்கு பாடமாக நடந்துகொண்டிருந்தது. 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் யூனியன் கார்பைடு தொழிற்சாலையிலிருந்து நச்சுக் காற்று கிளம்பி, உறங்கிக் கிடந்த ஊரின் மேல் கவிந்தது. இறந்தவர்களை எண்ணி முடிக்கும் முன்னரே, டிசம்பர் 7ஆம் நாள், அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்துக் கோர்ட்டு ஒன்றில் 1,500 கோடி டாலர் கேட்டு வழக்குத் தாக்கலாகிவிட்டது. தாக்கல் செய்தவர்களில் முதல்வர் பெல்லி. அதோடு நிற்காமல் சில நாட்களில் விமானமேறிப் போபாலுக்கே வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 77. பிணம் கண்ட இடத்தில் கழுகு வட்டமிடுவதுபோல என்றார் எங்கள் ஆசிரியர். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு பாடத்துக்காக ஒரு பழைய தீர்ப்பைப் படிக்க நேர்ந்தது. 1944ஆம் ஆண்டில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. உணவு விடுதியில் பரிமாறும் ஓர் ஏழைப் பெண்ணுக்காக வாதாடிய வக்கீல்களின் வரிசையில் கடைசியாக ஒரு பெயர் இருந்தது: மெல்வின் எம். பெல்லி. அந்தப் பெண்ணிடம் பறிக்க என்ன இருந்தது? கழுகுக்கு அங்கே என்ன வேலை? இந்தக் கேள்விதான் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படிக்கும்படி என்னைச் செய்தது. படித்தபின் என் சிரிப்பு மாறியது. ஆசிரியர் சொன்னது முழுப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது பாதி என்பதே என் கட்சி.

சட்டம் பயிலாத நண்பர்களுக்காக ஒரு சொல். டார்ட்ஸ் என்பது சட்டத்தில் ஒரு பகுதி. என் மாடு உங்கள் பயிரை மேய்ந்தால், உங்கள் மோட்டார் என் காலில் ஏறினால், நமக்குள் ஒப்பந்தம் ஏதும் இல்லாவிட்டாலும் தீங்கு செய்தவர் ஈடு கொடுக்க வேண்டும் என்று விதிக்கும் பகுதி அது. கொலை வழக்கைப்போல் பரபரப்பு அதில் கிடையாது. உயில் வழக்கைப்போல் பெரும் பணமும் அக்காலத்தில் கிடையாது. அடிபட்டவன் அநேகமாக ஏழை; அடித்தவனுக்குப் பின்னாலோ ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி நிற்கும். ஆகவே கெட்டிக்கார வக்கீல்கள் கம்பெனிப் பக்கம் இருந்தார்கள். அடிபட்டவர் பக்கம் நின்ற வக்கீலுக்கோ, விபத்து வண்டியின் பின்னால் ஓடுகிறவன் என்ற கேலிப் பெயர்தான் மிச்சம். அந்த ஓட்டத்தை ஒரு பெருந்தொழிலாக, ஏறக்குறைய ஒரு சாஸ்திரமாக ஆக்கியவர் பெல்லி.

கலிபோர்னியாவில் தங்கவேட்டைக் காலத்தில் தோன்றிய மலையடிவார ஊர்களுள் சொனோரா ஒன்று. அங்கே 1907ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் பெல்லி பிறந்தார். தந்தை வங்கி நடத்தியவர். பிள்ளைக்கு வசதிக்குக் குறைவில்லை, அடக்கத்துக்குத்தான் குறைவு. உயர்நிலைப் பள்ளி முடிக்கும் தறுவாயில் குடித்துவிட்டு ஆட்டம் போட்டதால் தலைமையாசிரியர் சான்றிதழைத் தர மறுத்தாராம். தந்தை அவரைத் தமக்குத் தெரிந்த ஒரு நீதிபதியிடம் அழைத்துப் போக, அவர் சட்டப் புத்தகத்தில் உள்ள உத்தரவுகளை எல்லாம் எழுதிக் கொடுத்தாராம். சான்றிதழ் வந்து சேர்ந்ததாம். இது பெல்லியே சொல்லிவந்த கதை. தம்மைப் பற்றிய கதைகளில் உப்பு, காரம் சேர்ப்பதில் அவர் சமர்த்தர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பெர்க்லியில் பயின்று 1929இல் பட்டம் பெற்றார். பிறகு கப்பலில் வேலை செய்துகொண்டு ஊர் சுற்றினார். திரும்பி வந்து அதே ஊரில் சட்டம் படித்து 1933இல் தேறினார். நாடு பஞ்சத்தில் கிடந்த காலம் அது. புதிய வக்கீலுக்கு வழக்கு ஏது? அவருக்குக் கிடைத்த முதல் வேலை வினோதமானது. வேலையற்று ரயில் ஏறி ஊர் ஊராய் அலைந்த கூட்டத்தோடு தாமும் ஒரு பரதேசியாகக் கலந்து, அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று சர்க்காருக்கு எழுதி அனுப்ப வேண்டும். சரக்கு ரயில் பெட்டிகளில் படுத்துறங்கி, கஞ்சித்தொட்டி வாசல்களில் வரிசையில் நின்று, கைதாகி லாக்கப்பிலும் இருந்திருக்கிறார். பிற்காலத்தில் சிவப்புப் பட்டு உள்துணி வைத்துத் தைத்த கோட்டும் பாம்புத்தோல் பூட்சும் அணிந்து உலவிய மனிதருக்கு இப்படியும் ஒரு தொடக்கம் இருந்தது.

அவருக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்த இடம் சான் குவென்டின் சிறைச்சாலை என்று நான் நினைக்கிறேன். ஒரு கைதி மற்றொரு கைதியைக் கொன்றுவிட்டான். அவன் கையில் கத்தி இருந்ததாக நம்பி, என் உயிரைக் காக்கவே கொன்றேன் என்பது இவன் வாதம். சிறைக்குள் கத்தி எங்கிருந்து வரும் என்று எவரும் கேட்பார்கள் அல்லவா? பெல்லி நீண்ட பேச்சுப் பேசவில்லை. கைதிகளிடமிருந்து பறிமுதல் செய்த கத்திகளைச் சிறை அதிகாரிகள் ஓர் இழுப்பறையில் போட்டு வைத்திருப்பதை அறிந்து, அந்த இழுப்பறையையே கோர்ட்டுக்கு வரவழைத்தார். ஜூரிகளின் முன்னால் அது கவிழ்ந்தது. தற்செயலாகக் கவிழ்ந்தது என்பார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். கூர் தீட்டிய இரும்புத் துண்டுகள் தரையில் சிதறி ஓடின. கைதி விடுதலையானான்.

நம் நாட்டு வாசகர்களுக்கு ஜூரி என்பது இன்று பழங்கதை. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு அது இங்கே அநேகமாக முடிந்துபோயிற்று. அமெரிக்காவிலோ, ஒருவர் கால் போனதற்கு எத்தனை டாலர் என்பதைக்கூட ஜூரிகளே தீர்மானிக்கிறார்கள். அவர்கள் சட்டம் படித்தவர்கள் அல்லர். கடைக்காரரும் தச்சரும் பள்ளி ஆசிரியையும் அமர்ந்திருப்பார்கள். காதால் கேட்டது மறந்துபோகும், கண்ணால் கண்டது மறக்காது என்பதைப் பெல்லி கண்டுகொண்டார். கேபிள் டிராம் ஓட்டிய ஒருவர் இயந்திரத்தில் சிக்கிக் காயமுற்ற வழக்கில், எதிர்த்தரப்பார் எத்தனை ஆட்சேபித்தும் விடாமல், தெருச் சந்திப்பின் மாதிரி அமைப்பையும் விபத்துக்குக் காரணமான பற்சக்கரப் பெட்டியையும் சங்கிலியையும் நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்து இறக்கினார். விபத்து எப்படி நடந்தது என்று ஜூரிகள் நேரில் பார்த்துவிட்டார்கள்.

அவர் புகழை நாடெங்கும் பரப்பிய வழக்கு ஒரு பெண்ணின் கால் பற்றியது. சான் பிரான்சிஸ்கோவில் டிராம் மோதிக் கால் இழந்தவர் அவர். முதல் விசாரணையில் 65,000 டாலர் தீர்ப்பாயிற்று. அது நிலைக்கவில்லை, மறு விசாரணை வந்தது. இம்முறை பெல்லி கோர்ட்டுக்கு வரும்போதெல்லாம் கையில் ஒரு பொட்டலம். இறைச்சிக் கடையில் சுற்றித் தருவார்களே, அப்படிப்பட்ட மஞ்சள் தாளில் சுற்றிச் சரட்டால் கட்டியிருந்தது. நீளமாய், ஒரு முனையில் வளைந்து, பார்த்தால் கால் போலவே இருந்தது. அதை மேஜைமேல் வைப்பார், சற்று நகர்த்துவார், மறுபடி எடுத்துக்கொண்டு போவார். பிரிக்கவே மாட்டார். ஜூரிகளின் கண்கள் நாட்கணக்கில் அந்தப் பொட்டலத்தை விட்டு அகலவில்லை. கடைசி வாதத்தன்று மெல்ல, மிக மெல்ல, சரட்டை அவிழ்த்தார். உள்ளே இருந்தது வெட்டுண்ட காலன்று. அந்தப் பெண் இனி ஆயுள் முழுவதும் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டிய பொய்க்கால். அதை ஒரு ஜூரியின் மடியில் வைத்து, தொட்டுப் பாருங்கள், இதில் உயிரின் சூடு தெரிகிறதா, தசையின் இசைவு தெரிகிறதா என்னும் பொருள்படக் கேட்டார். தீர்ப்பு 1,00,000 டாலர்.

இது நாடகம் அல்லவா என்று கேட்கலாம். நாடகந்தான். அன்றைய வக்கீல் சமூகமும் இதே குற்றச்சாட்டைத்தான் சொன்னது. ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். அந்தப் பொய்க்கால் பொய்யா? அதைவிட உண்மையான சாட்சி அந்த வழக்கில் வேறு எது? அதுவரை காலை இழந்த வேதனை என்பது டாக்டரின் அறிக்கையில் இரண்டு வரி. அந்த இரண்டு வரியை மரமும் தோல்பட்டையுமாக ஒருவர் மடியில் கனக்கச் செய்ததுதான் பெல்லி செய்த வேலை. இதை ஒரு முறையாகவே வகுத்து, நவீன விசாரணைகள் என்ற பெயரில் 1954 முதல் பெருந்தொகுதிகளாக எழுதினார். எலும்புக்கூடுகள், எக்ஸ்ரே படங்கள், பெரிதாக்கிய புகைப்படங்கள் இவையெல்லாம் இன்று அமெரிக்கக் கோர்ட்டுகளில் சர்வ சாதாரணம். பெல்லியின் அலுவலகத்தில் அவருடைய மேஜைக்குத் துணையாக ஓர் எலும்புக்கூடு இருந்தது. அதற்கு எல்மர் என்று பெயரும் வைத்திருந்தார்.

அதற்கு முன்பே, 1951இல், பெர்க்லி சட்டக் கல்லூரியின் இதழில் போதுமான நஷ்டஈடு எது என்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். என் கணிப்பில் அவர் பொய்க்காலைவிட இந்தக் கட்டுரையே பெரிய வெடி. விலைவாசி ஏறியிருக்கிறது, கூலி ஏறியிருக்கிறது, மனிதன் நெடுநாள் வாழ்கிறான். ஆனால் கைக்கும் கண்ணுக்கும் கோர்ட்டுகள் தரும் தொகை மட்டும் பாட்டன் காலத்து விலையிலேயே நிற்கிறது என்று தீர்ப்புகளை அடுக்கிக் காட்டினார். வலிக்கு விலை போடும் ஒரு வழியையும் அவர் பரப்பினார். மொத்தமாகக் கேட்காதே, நாள் கணக்கில் கேள் என்பது அது. நம் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு நாள் வலிக்கு ஐந்து ரூபாய் என்றால் மறுப்பார் உண்டா? ஒரு காபி விலைகூட இல்லை. முப்பது ஆண்டு வலித்தால் 54,750 ரூபாய். முதலில் மொத்தத்தைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஐந்து ரூபாயிலிருந்து ஏறிப்போனால் குறைவாகத் தெரியும். இந்தக் கணக்கைச் சில மாநிலங்களின் கோர்ட்டுகள் கூடாது என்று தடுத்தன. நீங்கள் இதை மனத்தில் வைத்திருங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி, நான் முதலில் சொன்ன 1944ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு வருகிறேன். உணவு விடுதியில் பரிமாறும் பெண், பெட்டியிலிருந்த கொகோ கோலாப் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். நாலாவது புட்டி கையிலேயே வெடித்தது. உள்ளங்கையில் ஐந்து அங்குல வெட்டு. நரம்பும் தசையும் அறுந்தன. புட்டி நிரப்பிய கம்பெனி என்ன தவறு செய்தது என்று அந்தப் பெண்ணால் எப்படி நிரூபிக்க முடியும்? தொழிற்சாலைக்குள் அவர் போனாரா, பார்த்தாரா? கவனக்குறைவு இல்லாவிடில் புட்டி வெடிக்காது, நிகழ்ச்சியே சாட்சி சொல்கிறது என்று நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. ரோஜர் ட்ரெய்னர் என்ற நீதிபதி மட்டும் முடிவை ஒப்புக்கொண்டு, காரணத்தை வேறாக எழுதினார். கவனக்குறைவைத் தேடவே வேண்டாம். பொருளைச் செய்து சந்தைக்கு அனுப்புகிறவனே அதன் கேட்டுக்குப் பொறுப்பு. அந்த நஷ்டத்தை ஒரு பணிப்பெண் தனியே சுமக்க முடியாது, கம்பெனியோ விலையில் சேர்த்து எல்லோரிடமும் பகிர்ந்துவிட முடியும் என்பது அவர் கருத்து. அன்று அது ஒற்றைக் குரல். 1963இல் அதே நீதிபதி எழுதிய மற்றொரு தீர்ப்பில் அதுவே கலிபோர்னியாவின் சட்டமாயிற்று. பிறகு அமெரிக்கா முழுவதும் பரவியது.

இந்தக் கருத்து பெல்லியின் கையில் மிகக் கடுமையான சோதனைக்கு உள்ளான வழக்கு இளம்பிள்ளை வாதத் தடுப்பூசி பற்றியது. 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் சால்க் தடுப்பூசி வெற்றி என்று அறிவித்தபோது அமெரிக்காவில் தேவாலய மணிகள் ஒலித்தன. இரண்டே வாரத்தில் கட்டர் என்ற கம்பெனி செய்த மருந்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதன் சில தொகுப்புகளில் கிருமி சாகாமல் இருந்துவிட்டது. நோயைத் தடுக்கப் போட்ட ஊசி நோயையே கொடுத்தது. ஏறக்குறைய 200 பேர் முடங்கினர். 10 பேர் இறந்தனர். முடங்கிய ஒரு சிறுமிக்காகவும் ஒரு சிறுவனுக்காகவும் பெல்லி வாதாடினார். 1958 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. கம்பெனி அன்றிருந்த அறிவுக்கு ஏற்ப நடந்துகொண்டது, கவனக்குறைவு இல்லை என்றே ஜூரிகள் கண்டார்கள். ஆயினும் விற்ற மருந்து பத்திரமானது என்ற உத்தரவாதம் விற்பனையிலேயே அடங்கியிருக்கிறது, அது மீறப்பட்டது என்று சொல்லி 1,47,300 டாலர் கொடுக்கச் செய்தார்கள். தவறு இல்லை, ஆனால் பொறுப்பு உண்டு! இதனால் மருந்துக் கம்பெனிகள் அஞ்சித் தடுப்பூசித் தொழிலையே கைவிடத் தொடங்கின என்று குறை கூறுவோர் உளர். அதில் நியாயமும் உண்டு. 1986இல் அமெரிக்க அரசு தனி நஷ்டஈட்டுத் திட்டம் ஒன்றை வகுக்க வேண்டி வந்தது. எனினும் அந்தச் சிறுமியின் காலை நினைத்தால், யாராவது ஒருவர் கொடுக்கத்தானே வேண்டும் என்று தோன்றுகிறது.

1954இல் லைப் பத்திரிகை அவரை டார்ட்ஸ் மன்னர் என்று எழுதியது. மன்னர் மன்னர்போலவே நடக்கத் தொடங்கினார். சான் பிரான்சிஸ்கோவில் மான்ட்கோமரி தெருவில் தங்கவேட்டைக் காலத்துக் கட்டடம் ஒன்றை வாங்கி அலுவலகமாக்கினார். தெருவில் போகிறவர்கள் சன்னல் வழியாக அவர் வேலை செய்வதைப் பார்க்கலாம். பெரிய வழக்கில் வென்றால் மாடியில் கடற்கொள்ளைக்காரர் கொடி ஏறும், பீரங்கி முழங்கும். நடிகர்களும் பாடகர்களும் கட்சிக்காரர் ஆனார்கள். தாமும் தொலைக்காட்சியில் நடித்தார். ஆறு முறை மணந்தார். இவற்றை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. பத்திரிகைகள் வேண்டிய மட்டும் விவரித்துவிட்டன.

இந்த ஆடம்பரம் ஓர் உயிரை ஏறக்குறையப் பலி வாங்கிய கதையை மட்டும் சொல்ல வேண்டும். ஜனாதிபதி கென்னடியைக் கொன்றதாகப் பிடிபட்ட ஓஸ்வால்டை, 1963 நவம்பர் 24ஆம் நாள், ஜாக் ரூபி என்பவர் போலீஸ் காவலிலேயே சுட்டுக் கொன்றார். நாடு முழுவதும் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தது. ரூபிக்காகப் பெல்லி பணம் வாங்காமலே வாதாட முன்வந்தார். புகழே கூலி. ரூபிக்கு மூளையில் ஒருவகை வலிப்பு நோய், அவர் தம் நினைவின்றிச் சுட்டார் என்று டாக்டர்களையும் மூளை அலைப் படங்களையும் கொண்டுவந்து அடுக்கினார். டல்லாஸ் நகரத்து ஜூரிகளுக்கு அது எடுபடவில்லை. 1964 மார்ச்சில் மரண தண்டனை விதித்தார்கள். கண்ணால் காட்டுவதில் வல்லவர் இங்கே காட்ட முடியாத ஒன்றைக் காட்ட முயன்றார் என்று எனக்குப் படுகிறது. திடீர்க் கோபத்தில் செய்த கொலை என்று எளிமையாக வாதாடியிருந்தால் சில ஆண்டுச் சிறையோடு போயிருக்கும் என்று சட்டம் அறிந்தோர் பலர் கருதினர். தீர்ப்பைக் கேட்டதும் பெல்லி கோர்ட்டிலேயே ஜூரிகளையும் அந்த ஊரையும் வாயாரத் திட்டினார். ரூபியின் குடும்பம் அவரை நீக்கியது. மேல் நீதிமன்றம் 1966இல் தண்டனையை ரத்துச் செய்தது. மறு விசாரணைக்குள் ரூபி நோயால் இறந்தார்.

இத்தகைய வக்கீல் நம் நாட்டில் ஏன் தோன்றவில்லை? அமெரிக்காவில் அடிபட்டவர் முன்பணம் தர வேண்டியதில்லை. வென்றால் வக்கீலுக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது வழக்கம், தோற்றால் ஒன்றுமில்லை. பேராசைக்கு இது வாசல். ஏழைக்கும் இதுவே வாசல். இங்கே வழக்கின் பலனில் பங்கு பேசுவதைப் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. சிவில் வழக்கென்றால் கேட்கும் தொகைக்கு ஏற்பக் கோர்ட்டுக் கட்டணமும் முதலில் கட்டியாக வேண்டும். மோட்டார் விபத்துக்குத் தனித் தீர்ப்பாயம் இருப்பதால் அதுமட்டும் தப்பியது. மற்றபடி, கையை இழந்தவன் வழக்குப் போட முதலில் கையில் பணம் வேண்டும்!

இந்த நிலையில்தான் போபால் நிகழ்ந்தது. பெல்லிக்குப் பின்னால் அமெரிக்க வக்கீல்கள் பலர் வந்தார்கள். பாதிக்கப்பட்டோரிடம் அவர்கள் வக்காலத்துக் காகிதங்களில் கைந்நாட்டு வாங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மக்கள். கண் எரிச்சலில் காகிதமே தெரியாத மக்கள். ஆசிரியரின் கழுகு உவமை இவ்விடத்தில் முற்றும் பொருந்தும். 1985 மார்ச்சில் நம் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, எல்லோருக்காகவும் வழக்காடும் உரிமையை மத்திய சர்க்காருக்கே அளித்தது. சர்க்கார் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. 1986 மே மாதம் நீதிபதி கீனன், இது இந்தியாவிலேயே நடக்கட்டும் என்று திருப்பி அனுப்பினார். அமெரிக்க ஜூரிகளின் முன் போபால் போய் நிற்கும் வாய்ப்பு அதோடு போயிற்று.

அதே 1986 டிசம்பரில் தில்லி ஸ்ரீராம் தொழிற்சாலையில் நிகழ்ந்த வாயுக் கசிவு வழக்கில் நம் சுப்ரீம் கோர்ட்டு ஒரு பெரிய தத்துவத்தை வகுத்தது. அபாயமான தொழில் நடத்துகிறவர் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது, முழுப் பொறுப்பும் அவருடையதே என்று நீதிபதி பகவதி எழுதினார். ட்ரெய்னர் சொன்னதற்கும் ஒரு படி மேல். தத்துவத்துக்குக் குறைவில்லை. ஆனால் 1989 பிப்ரவரி 14ஆம் நாள் போபால் வழக்கு 47 கோடி டாலருக்குச் சமரசமாயிற்று. சர்க்கார் முதலில் கேட்டது 330 கோடி டாலர். கம்பெனி பொறுப்பா இல்லையா என்று விசாரணையே நடக்கவில்லை. சாட்சிக் கூண்டில் யாரும் இருமிக் காட்டவில்லை. எந்த மேஜைமேலும் எந்தப் பொட்டலமும் பிரிக்கப்படவில்லை. கோப்பிலேயே தொடங்கிக் கோப்பிலேயே முடிந்தது.

காயமுற்றவர் என்று கணக்கில் ஏறியவர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்தது 25,000 ரூபாய். மீதிப் பணத்தையும் பங்கிடும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது 2004இல். அதுவரையுள்ள இருபது ஆண்டுக்குப் பெல்லியின் நாள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் மூச்சுத் திணறலுக்கு மூன்று ரூபாய் நாற்பத்திரண்டு காசு. மேலும் தொகை கேட்டு மத்திய அரசு போட்ட மனு 2023 மார்ச்சில் தள்ளுபடியாயிற்று.

இந்தக் கணக்கை ஒரு துண்டுத்தாளில் எழுதி ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து, இதில் உங்கள் பெல்லிக்கு மூன்றில் ஒரு பங்கு போனால் மிச்சம் என்ன என்று கேட்டு, தாமே கீழே எழுதினார்: இரண்டு ரூபாய் இருபத்தெட்டு காசு. நான் பதில் சொல்லவில்லை. பெல்லி இருந்தால் மேல் வரியில் உள்ள தொகை வேறாக இருந்திருக்கும் என்று படியிறங்கும்போதுதான் தோன்றியது.

பெல்லியின் கடைசிக் காலம் சோகமானது. 1989ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் மான்ட்கோமரி தெருக் கட்டடம் பழுதுபட்டது. கூட்டாளிகள் வழக்குப் போட்டார்கள். பழைய கட்சிக்காரர்களும் போட்டார்கள். மார்பகத்தில் வைக்கும் சிலிக்கோன் பைகளால் தீங்குற்றோம் என்று வந்த நூற்றுக்கணக்கான பெண்களுக்காக, டாக்டர்களுக்கும் நிபுணர்களுக்கும் தம் கைப்பணத்தைக் கொட்டினார். வென்றால் திரும்பி வரும் என்பது கணக்கு. 1995இல் அந்தப் பைகளைச் செய்த டவ் கார்னிங் கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பெல்லியும் கொடுத்தார். 1996ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள், 89 வயது நிறைய இருபது நாள் இருக்கையில், சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். பிறந்த ஊரான சொனோராவில் அடக்கம் செய்தார்கள்.